முக்கால் சல்லி

சோலைமலையின் போன் வந்தபோது ஜீவராணி பிள்ளைக் காம்பராவில் எட்டுக் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு ஒன்பதாவதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அங்கே அவள் உதவியாள். அந்த வேலையோடு இன்னொரு பொறுப்பும் இருந்தது. இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் இருபத்து நான்கு குடும்பங்களுக்குப் புது வீடு கட்டும் திட்டம் நடந்துகொண்டிருந்தது. வீட்டுக் குழுவுக்கு அவள்தான் செயலாளர். அதனால் வீட்டு வேலை சம்பந்தமாக யார் எதைச் சொல்வதானாலும் அவளுடைய போன்தான் அடிக்கும்.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சிக்னல் வரும் ஒரே இடமான தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"தங்கச்சி, ஒரு நல்ல சேதி," என்றார் சோலைமலை. நுவரெலியாக் காற்று அவருடைய போனுக்குள் இரைந்தது. "முக்கா சல்லி நாளைக்கு மேல வந்துரும்ங்க."

"நெசமாவா சேர்?"

"ஆமாங்க, காலையில ஒம்பது மணிக்கெல்லாம். ஒன்றரை சல்லி அடுத்த வாரம் தாரேன்னுருக்காங்க. அது வார வரைக்கும் இத வச்சு ஓட்டிக்கிறலாம்."

குழந்தை அவளுடைய காதணியைப் பிடித்து இழுத்ததுகூட வலிக்கவில்லை.

"வீட்டுக்கு ஒருத்தராச்சும் நிக்கச் சொல்லுங்க. வந்த ஒடனே ஆளுக்காளு பிரிச்சு எடுத்துக்கிறலாம். இல்லாட்டி பெறகு சண்ட சச்சரவு வரும். சாக்கு இருந்தாலும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

ஜீவராணி சிரித்துவிட்டாள். "சாக்குல அள்ளுற அளவுக்கா சேர் வருது?"

"பின்ன? கையிலயா அள்ளுவீங்க?" என்று அவரும் சிரித்தார். போன் துண்டித்துப்போனது.

சோலைமலை மதுரைக்குப் பக்கத்தில் மேலூர்க்காரர். வீட்டுத் திட்டத்துக்கு உதவி செய்யும் நிறுவனம் கட்டட மேற்பார்வைக்கு அவரை இந்தியாவிலிருந்து அழைத்து வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வருவதற்கு முன் மேல்பிரிவு ஆட்கள் கொஞ்சம் பயந்துதான் இருந்தார்கள். யாரோ பெரிய எஞ்சினியர் வந்து புத்தகத் தமிழில் பேசுவார், நாலு தடவை கேட்டால்தான் விளங்கும் என்று நினைத்தார்கள். அவர் வந்த முதல் நாளே வழுக்குப் பாதையைப் பார்த்து, "ஆத்தாடி, அங்கிட்டுப் போனா வழுக்கும் போலருக்கே, இங்கிட்டே நின்னு பேசுவம்," என்றார். கொழுந்துக் கூடையோடு நின்ற மீனம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இவரு நம்மாளுங்க மாதிரியே பேசுறாரே!" என்று அன்று மாலைக்குள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவர் சொன்ன எதையும் யாரும் இரண்டாம் தடவை கேட்டது கிடையாது. கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை.

சல்லி என்ற சொல்லிலும் ஜீவராணிக்குச் சந்தேகம் வர வழியில்லை. பிறந்ததிலிருந்து அவள் அறிந்த சல்லி ஒன்றுதான். மாதம் பத்தாம் திகதி கையில் வருவது சல்லி. மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு சேர்ப்பது சல்லி. பூண்டுலோயா டவுனில் நகைக்கடை வைத்திருப்பவன் சல்லிக்காரன். பஸ் கண்டக்டர் சிங்களத்தில் கேட்பதும் சல்லிதான். காசு என்றாலும் பணம் என்றாலும் விளங்கும். ஆனால் வாயில் தானாக வருவது சல்லி.

அதிலும் எல்லோரும் அந்த மாதம் முழுக்கக் காத்திருந்ததே சல்லிக்குத்தான். வீடு கட்டும் உதவித்தொகை கட்டம் கட்டமாக வரும். முதல் கட்டத்தில் அத்திவாரம் முடிந்துவிட்டது. பாதிப் பேருக்கு வங்கிப் புத்தகத்தில் பெயர் பிழையாக இருந்ததால் அந்தத் தொகையை அதிகாரிகளே வேனில் வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். இரண்டாம் கட்டம் ஆறு வாரமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஆகவே முக்கால் பங்கு நாளைக்கு, பிறகு அடுத்த வாரம் ஒன்றரை லட்சம் என்று ஜீவராணி கணக்குப் போட்டதில் என்ன பிழை?

குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, வீட்டுக் குழுவின் வாட்ஸப்பில் தட்டினாள்: 'நாளை காலை ஒன்பது மணிக்கு முக்கால்வாசி சல்லி வருகிறது. சோலைமலை சேர் சொன்னார். வீட்டுக்கு ஒருவராவது பாதையின் கீழ் வளைவில் நிற்கவும். சாக்கும் கொண்டு வரட்டாம்!' கடைசியில் மூன்று சிரிப்பு முகம் போட்டாள்.

'வாசி' என்ற இரண்டு எழுத்தையும் அவளாகச் சேர்த்தாள். அடுத்த நாள் அந்த இரண்டு எழுத்தை நினைத்து நினைத்து அவள் நொந்துபோக வேண்டியிருந்தது.

மாலை ஐந்து மணிக்குள் செய்தி எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. மீனம்மா தன் சிவப்புச் சேவலைக் கூடையைக் கவிழ்த்துப் பிடித்தாள். "ரெண்டு வருசமா வளர்த்தேன். நாளைக்கி நல்ல காரியத்துக்கே போகட்டும்," என்றாள். குழுவின் தலைவர் செல்லசாமி, தேயிலை ஆலையில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கூட்டங்களுக்கு மட்டும் போடும் நீலச் சட்டையை இஸ்திரிப் பெட்டி போட்டு வைத்தார். ஜீவராணியின் கணவன் பிரதாப் டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் திரும்பி வந்ததும் முதல் வேலையாகச் சொன்னான்:

"ஹார்ட்வெயார் கடைக்காரருக்கிட்ட சொல்லிட்டேன். நம்ம கூரத் தகரத்த எடுத்து வைக்கச் சொல்லி. நாளைக்கி சல்லி வருதுன்னேன்."

"அதுக்குள்ளயா?"

"வெல கூடப் போகுதாம் ஜீவா. அந்த மனுசன் நல்லவரு. சரி தம்பி, ஒனக்காக வைக்கிறேன்னாரு."

மறுநாள் காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, புது வீட்டுக்காரர் ஒருவரும் போகவில்லை. வீட்டுக்கு ஒருவர் போதும் என்று செய்தியில் இருந்தாலும், சல்லி வரும்போது கணவன் மட்டும் நிற்பதா என்று மனைவியும், மனைவி மட்டும் நிற்பதா என்று கணவனும் நினைத்ததால் ஏறத்தாழ நாற்பது பேர் கீழ் வளைவில் கூடிவிட்டார்கள். பெண்கள் கோயிலுக்குக் கட்டும் சேலையில் இருந்தார்கள். செல்லசாமியின் நீலச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. பிரதாப் பகிடிக்காக ஒரு கட்டு உரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஒவ்வொருவரிடமும் ஒரு சாக்கைக் கொடுத்து, "வாய நல்லாப் புடிச்சுக்கங்க, ஒழுகிறப் போகுது," என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒன்பது இருபதுக்குக் கீழே வண்டிச் சத்தம் கேட்டது.

"வேன் சத்தம் மாதிரி இல்லியே," என்றார் செல்லசாமி.

வேன் இல்லை. பெரிய மஞ்சள் டிப்பர் ஒன்று முக்கி முனகி வளைவுக்கு வந்தது. மேலே போகும் பாதையின் ஒடுக்கத்தைப் பார்த்ததும் சாரதி தலையை ஆட்டினார். இறங்கி, கையால் அளந்து பார்த்தார். பிறகு ஏறி, வண்டியைப் பின்னுக்கு எடுத்து, பெட்டியைத் தூக்கினார். மூன்று கியூப், அதாவது முந்நூறு கன அடி, கருங்கல் சடசடவென்று பாதையின் நடுவில் சரிந்தது. தூசி கோயில் சேலைகள் மேல் படிந்தது.

அந்த நேரம் சோலைமலையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கூட்டத்தைப் பார்த்து அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

"அடடே, எல்லாருமே வந்துட்டீங்களா! நான் நாலஞ்சு பேருதான் வருவீங்கன்னு நெனச்சேன்."

ஜீவராணி முன்னால் வந்தாள். "சேர், சல்லி எங்க?"

"இந்தா கெடக்குல்ல?" என்று அவர் குவியலைக் காட்டினார்.

"இது மெட்டல் சேர். கல்லு. நீங்க சல்லி வருதுன்னு தானே சொன்னீங்க?"

சோலைமலை குழம்பிப்போய்க் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். நெல்லிக்காய் அளவில் சாம்பல் நிறத்தில் இருந்தது. "இதுதாங்க சல்லி. முக்கா இஞ்சுக் கல்லு, முக்கா சல்லி. பெரிய கல்லு ஒன்றரை சல்லி. கொங்கிரீட்டுக்கு இதானே போடுறது? அஸ்திவாரத்துக்குத்தான் இது தேவைப்படல. எங்க ஊர்ல கொழந்தையக் கேட்டாலும் சொல்லும்."

"எங்க ஊர்ல கொழந்தையக் கேட்டா வேற சொல்லும் சேர்," என்றாள் ஜீவராணி. அவளுடைய குரல் இறங்கிவிட்டது. "சல்லின்னா ரூவா."

"ரூவாயா?"

"காசு சேர். பணம். எங்களுக்கு அதுதான் சல்லி."

அவர் கையிலிருந்த கல்லையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டி போட்ட சட்டைகள், கோயில் சேலைகள், கையில் மடித்துப் பிடித்த சாக்குகள் எல்லாம் அப்போதுதான் அவருக்குக் கணக்கில் வந்தன போலிருந்தது. "ஐயய்யோ," என்றார் மெதுவாக. "எங்க பக்கம் அத துட்டும்போம், காசும்போம். நான் சல்லின்னு சொன்னது…"

அதுவரை பீடி பற்ற வைத்துக்கொண்டு நின்ற டிப்பர் சாரதிக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் சல்லி என்ற சொல் அவருக்கும் சொந்தம். என்ன விஷயம் என்று சிங்களத்தில் கேட்டார். பிரதாப் சொன்னான். அவர் "சல்லித? மம கெனாவே கல்னே!" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். சல்லியா, நான் கொண்டுவந்தது கல்லல்லவா என்று அவர் சொன்னதைக் கேட்டுப் பின்னால் நின்ற இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்தது. மற்றவர்களுக்கு வரவில்லை.

"சிரிக்கிறீங்களா?" என்றாள் மீனம்மா. "ஒரு பேரு போச்சு எனக்கு. விடிய முந்தி அறுத்த சேவலும் போச்சு. ஏன்டி ஜீவராணி, மெசேஜ் போடுறதுக்கு முன்னுக்கு ஒரு வார்த்த தெளிவாக் கேட்டா என்னாடி?"

ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். பெரட்டுக்குப் போகாத அத்தனை பேருக்கும் அது போய்விட்டது. ஜீவராணி தான் எழுதிய செய்தியை மனதுக்குள் திரும்ப வாசித்தாள். முக்கால் சல்லி என்று அவர் சொன்னதை அப்படியே போட்டிருந்தால்கூட யாராவது 'அது என்னா முக்கா சல்லி?' என்று கேட்டிருப்பார்கள். கேட்க இடமில்லாமல் செய்தது அவள்தான்.

"பிழ என்னோடது தான் அக்கா," என்றாள். "நான் தான் முக்கால்வாசின்னு எழுதினேன்."

"இல்லம்மா, நான் சொன்ன லச்சணம் அப்புடி," என்றார் சோலைமலை. "சாக்கு கொண்டாங்கன்னு வேற சொல்லித் தொலச்சேன்."

இவர்கள் இப்படிப் பழியைத் தங்கள் தங்கள் தலையில் போட்டுக்கொண்டிருக்கும்போதே கண்டாக்கையா வந்துவிட்டார். வேலையைக் கண்காணிக்கும் தோட்ட உத்தியோகத்தர் அவர். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே பேசினார்.

"பெரட்டுக்கு ஒரு ஆள் வரல்ல. இங்க வந்து கலியாண ஊடு மாதிரி நிக்கிறீங்க. சரி, அத பொறகு பேசுவோம். இது என்னா, பாத நடுவுல மல மாதிரி? நாலு மணிக்கு கொழுந்து லொறி இந்த வழியாத்தான் எறங்கணும். அதுக்குள்ள இத எடுக்கல்லேன்னா நான் தொரைக்குத்தான் சொல்ல வேண்டி வரும்."

"எடுத்துர்றோம் ஐயா," என்றார் சோலைமலை. கண்டாக்கையா போனதும் போனை எடுத்தார். பேசப் பேச அவருடைய முகம் வாடியது. கல்லை வளைவிலிருந்து மேலே ஏற்ற அவர் பேசி வைத்திருந்த டிராக்டர்காரரின் மாமனார் விடியற்காலையில் இறந்துவிட்டாராம். ஆள் வட்டவளைக்குப் போய்விட்டார். வர இரண்டு நாளாகும்.

சோலைமலை கல்குவியலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வானத்தைப் பார்த்தார். மலைக்கு அந்தப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மழை பெய்தால் பாதிக் கல் பள்ளத்துக்குப் போய்விடும்.

ஆட்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். ஜீவராணி நகரவில்லை. வெட்கம் அவளை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தது. ஆனால் அந்த வெட்கத்தோடு வேறொரு யோசனையும் ஓடியது.

"சேர், அந்த டிராக்டருக்கு எவ்வளவு பேசினீங்க?"

"ஒரு நடைக்கு ஒம்பதாயிரம். ஆறு நட. ஏம்மா?"

"ஐம்பத்தி நாலாயிரம்," என்றாள் ஜீவராணி. "அத எங்களுக்குக் குடுங்க. நாங்க ஏத்துறோம்."

"கையிலயா? மேல இருநூறு மீற்றர் இருக்கேம்மா, செங்குத்தால்ல இருக்கு."

"தெனமும் கொழுந்துக் கூடைய முதுகுல போட்டுக்கிட்டு ஏறுறவங்க சேர் இவங்க. நாப்பது பேரு இருக்கோம். மூணு மணிக்குள்ள முடிச்சிருவோம். ஆனா சல்லி இன்னைக்கே கையில வேணும். எங்க சல்லி, ஒங்க சல்லி இல்ல."

சோலைமலை அன்று முதன்முறையாகச் சிரித்தார். "வெளங்குது, வெளங்குது." எழுந்து போய் அலுவலகத்துக்குப் போன் பண்ணினார். கணக்குப் பார்க்கும் பெண் முதலில் முடியாது என்றாள். அவர் மழையைச் சொன்னார், கொழுந்து லொறியைச் சொன்னார். கடைசியில் நடந்ததை முழுக்கச் சொன்னார். அந்தப் பக்கத்தில் யாரோ வெடித்துச் சிரிப்பது போனுக்கு வெளியேயும் கேட்டது. பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து இருந்தால் டிராக்டர் கூலியை ஆட்களுக்கே கொடுக்கலாம் என்று பதில் வந்தது.

ஜீவராணி பாதையில் ஓடினாள். "போகாதீங்க! மீனம்மாக்கா, நில்லுங்க! ஆளுக்கு ஆயிரத்து முந்நூத்திச் சொச்சம் வரும். ஒரு பேருக்குச் சரியா வருது. இன்னைக்கே கையில தாராங்களாம்."

மீனம்மா திரும்பிப் பார்த்தாள். "இதாவது நெசமா? இல்ல இதுவும் கல்லா?"

"சேர்கிட்ட நீங்களே கேளுங்க. துட்டான்னு கேளுங்க."

மீனம்மா வந்து கேட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்க, "துட்டா சேர்?" என்றாள்.

"துட்டுத்தாம்மா. சத்தியமாத் துட்டு."

அதற்குப் பிறகு யாருக்கும் கோபம் நிற்கவில்லை. பெண்கள் ஓடிப்போய்ப் பழைய உடுப்புக்கு மாறிக்கொண்டு வந்தார்கள். பிரதாப் பகிடிக்குக் கொண்டுவந்த சாக்குகளில் கல்லை அரைவாசிக்கு நிரப்பினார்கள். ஆண்கள் அவற்றைத் தோளில் தூக்கினார்கள். பெண்களுக்குச் சாக்கு சரிப்படவில்லை. தலையில் பட்டியை மாட்டி, கொழுந்துக் கூடையையே முதுகில் போட்டுக்கொண்டார்கள். அடியில் சாக்கை விரித்து, கூடை கிழியாத அளவுக்குக் கல்லை அள்ளிப் போட்டார்கள். குறுக்குவழியில் செங்குத்தான படிக்கட்டு வரும் இடத்தில் மட்டும் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றினார்கள். டிப்பர் சாரதிக்கும் போக மனமில்லை. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் மண்வெட்டியால் அள்ளிக் கொடுத்தார். செல்லசாமிக்கு முதுகில் கோளாறு. அவர் மேலே நின்று, வந்த கல்லை இருபத்து நான்கு குவியலாகப் பிரித்தார். நீலச் சட்டை சாம்பல் சட்டையானது.

ஜீவராணி பிள்ளைக் காம்பராவுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். கல் சுமந்து அவளுக்குப் பழக்கமில்லை. நாலாவது நடையில் கழுத்து விறைத்தது. எட்டாவது நடையில் காலே தன்னுடையதில்லை போல இருந்தது. ஆனால் மனதில் காலையில் ஏறிய பாரம் ஒவ்வொரு நடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மீனம்மா எதிரே இறங்கி வரும்போதெல்லாம், "சல்லிக்காரி வாரா, வழி விடுங்க!" என்று கத்தினாள். மூன்று நான்கு தடவை அப்படிக் கேட்டதும் ஜீவராணிக்கே சிரிப்பு வந்தது. சிரித்ததில் கூடை ஆடி இரண்டு கல் உருண்டது. அதைப் பார்த்து, "பாரு, சல்லிய எறைச்சிக்கிட்டுப் போறா," என்றாள் மீனம்மா.

பகல் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் நிறுத்தினார்கள். நாற்பது பேருக்கு ஒரு சேவல் எந்த மூலைக்கு? மீனம்மா அதில் உருளைக்கிழங்கைப் போட்டு, தண்ணீரைக் கூட்டி, குழம்பாகப் பெருக்கிவிட்டாள். ரொட்டியை அதில் தொட்டுத் தொட்டு எல்லோரும் சாப்பிட்டார்கள். டிப்பர் சாரதிக்கு ஒரு கால் துண்டு போனது. சோலைமலைக்கு இன்னொன்று.

"ஒங்க ஊர்ல சேவலுக்கு என்னா சேர் சொல்லுவாங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"சேவல்னுதான். கேட்டுப் பாத்துட்டுத் தின்னணும்கிற அளவுக்கு ஆகிப்போச்சா?" என்றார் அவர்.

"ஆகிப்போச்சு சேர். இனி எல்லாத்தையும் கேப்போம்," என்றார் செல்லசாமி. உண்மையாகவே கேட்கத் தொடங்கினார்கள். கொத்தனாரை அங்கே என்ன சொல்வார்கள், இங்கே மேசன் என்றால் விளங்குமா, பலகையை எப்படி, ஆணியை எப்படி என்று ஒவ்வொன்றாக. முக்கால்வாசி ஒன்றாகவே இருந்தது. வேறாக இருந்ததையெல்லாம் சோலைமலை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

மூன்றே காலுக்குப் பாதையில் தூசி மட்டும் மிஞ்சியது. அதையும் ஒரு பெண் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினாள். நாலு மணிக்கு முன்னதாகவே கொழுந்து லொறி இறங்கியது. அதற்குப் பின்னால் கண்டாக்கையா வந்தார். வெறும் பாதையைப் பார்த்தார். மேலே அடுக்காக நின்ற இருபத்து நான்கு குவியலைப் பார்த்தார். "ம்," என்றார். சிறிது யோசித்துவிட்டு, "நாளைக்கி பெரட்டுக்கு வந்துருங்க எல்லாரும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் அந்த விஷயத்தை அவர் எடுக்கவேயில்லை.

பிரதாப் தன் ஆட்டோவில் சோலைமலையை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய், அவர் வங்கி இயந்திரத்தில் காசு எடுத்ததும் ஐந்தரைக்குத் திரும்பி வந்தான். போன வழியில் ஹார்ட்வெயார் கடையிலும் இறங்கினான். நடந்ததைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்துவிட்டு, தகரத்தை இன்னும் இரண்டு வாரத்துக்கு வைத்திருப்பதாகச் சொன்னாராம். மழை தூறத் தொடங்கியிருந்ததால் எல்லோரும் பிள்ளைக் காம்பராவின் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். ஜீவராணி பெயரை வாசிக்க வாசிக்க, ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். மீனம்மா தாள்களை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"சரியா இருக்காக்கா?" என்றாள் ஜீவராணி.

"இருக்கு." தாள்களைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். "காலையில கொஞ்சம் கூடப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத."

"இல்லக்கா. நீங்க ஏசாட்டி எனக்கு அந்த யோசனையே வந்திருக்காது."

"அப்ப இனி அடிக்கடி ஏசுறேன்," என்று சொல்லிவிட்டு, மழையில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போனாள் மீனம்மா.

வங்கிப் புத்தகத்தில் பெயர்களெல்லாம் திருந்திய பிறகு, இரண்டாம் கட்டத் தொகை அந்த மாதக் கடைசியில் வந்தது. இந்தத் தடவை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை லயம் முழுக்க வரிசையாகப் போன்கள் 'டிங்' என்றன. ஜீவராணி குழுவில் ஒன்றும் எழுதவில்லை. செல்லசாமி மட்டும் எழுதினார்: 'வந்து விட்டது. இது கல் இல்லை என்று வங்கியில் கேட்டு உறுதி செய்தேன்.'

அடுத்த வாரமே வேலை தொடங்கியது. கல்லும் மணலும் சீமெந்தும் கலந்து, அத்திவாரத்தின் மேல் சுற்றிவரக் கொங்கிரீட் போட்டார்கள். ஒரு நாளைக்கு நான்கு வீடு. ஜீவராணியின் வீடு ஐந்தாம் நாள் வந்தது. அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை. சோலைமலை மட்டப்பலகையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு வாரத்துக்கு காலையும் மாலையும் தண்ணி ஊத்துங்க. காயவே விடக் கூடாது," என்றார்.

கொங்கிரீட் போட்ட இரண்டாம் நாள் மாலை பிரதாப்பும் ஜீவராணியும் ஆளுக்கொரு வாளியோடு போனார்கள். ஈரக் கொங்கிரீட் கருநீலமாக, நேர்க்கோடாக, அவர்களுடைய மூன்று அறையைச் சுற்றி ஓடியது. சுவர் இல்லாவிட்டாலும் எது எங்கே வரும் என்று தெரிந்தது. பிரதாப் முன்வாசல் வரும் இடத்தில் நின்று தண்ணீரைத் தெளித்தான். ஜீவராணி குசினி வரும் இடத்துக்குப் போய், கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தாள்.

"யன்னல இந்தப் பக்கம் வைப்போம்," என்றாள்.

"அந்தப் பக்கம் காத்து கூட. அடுப்பு அணையும்."

"இங்கருந்து பாரு. தூரத்துல கொத்மல டேம் தண்ணி தெரியுது."

அவன் வந்து அவளருகில் நின்று பார்த்தான். இரண்டு மலைகளுக்கு நடுவில், கீழே வெகு ஆழத்தில், ஒரு சிறு தகடு போல நீர் மின்னியது. பிறந்ததிலிருந்து இருவரும் இதே மலையில்தான் இருக்கிறார்கள். லயத்து வீட்டின் ஒரே யன்னல் பின்வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்ததால், வீட்டுக்குள் நின்று அந்தத் தண்ணீரை அவர்கள் பார்த்ததில்லை.

"சரி, இங்கயே வைப்போம்," என்றான் பிரதாப். "அடுப்ப அந்த மூலைக்குத் தள்ளிக்கலாம்."

அவள் வாளியைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரைக் கொங்கிரீட்டில் ஊற்றினாள். அது வழிந்து, அவளுடைய பாதத்தை நனைத்து, குசினி வரப்போகும் மண்ணில் ஊறியது. இன்னும் இரண்டு வாளி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் தண்ணீர்ப் பீலிப் பக்கம் நடந்தாள்.